தாயின் காயம் ஆற்றும் கரங்கள்

 

தாய் நம்மைச் சுமந்து பெற்றெடுத்த சிரமத்தை லுக்மான், அஹ்காஃப் ஆகிய அத்தியாயங்களில் அல்லாஹ் நினைவூட்டுகிறான். அந்தச் சிரமம் பிள்ளை பிறந்தவுடன் முடிந்துவிடாத தாய்மார்களும் உண்டு.

வலி கண்டு இரண்டு மூன்று நாட்களாகியும் குழந்தை வெளிவராவிட்டால், அதன் தலைக்கும் இடுப்பெலும்புக்கும் இடையே மூத்திரப்பை நசுங்குகிறது. இரத்த ஓட்டம் நின்று, சதை அழுகித் துவாரம் விழுகிறது. குழந்தை பெரும்பாலும் இறந்தே பிறக்கிறது. தாய்க்கோ இரவும் பகலும் சிறுநீர் கசிகிறது. மருத்துவர்கள் இதை ஃபிஸ்டுலா என்பர். ஆசியாவிலும் சஹாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்காவிலும் 20 இலட்சத்துக்கும் அதிகமான பெண்கள் சிகிச்சையின்றி இந்நிலையில் வாழ்வதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது.

எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவில் இதற்கென்றே ஹாம்லின் தம்பதியர் 1974-ல் மருத்துவமனை நிறுவினர். அங்கே குணமடைந்த பெண்கள் பலர் செவிலிய உதவியாளர்களாகப் பயிற்சி பெற்று, பிற நோயாளிகளைப் பராமரித்தனர். அறுவை சிகிச்சைக்குப் பின் சிறுநீர்க் குழாய் அடைபட்டால் தையல் பிரிந்துவிடும். அதை இரவெல்லாம் விழித்துக் கவனிப்பவர் செவிலியரே.

சகோதரர்களே! நம் தாம்பரம் வழியே தெற்கே செல்லும் ஜி.எஸ்.டி. சாலையில் திண்டிவனம் இருக்கிறது. 1890-களில் அங்கே ஒரே இரவில் மூன்று கணவர்கள், பிரசவத்தில் தவித்த தம் மனைவியருக்காக, மிஷனரி மருத்துவர் ஒருவரின் வீட்டுக் கதவைத் தட்டினர். உதவிக்கு அவருடைய மகள் ஐடா ஸ்கடரை அழைத்தனர். அவரோ அப்போது மருத்துவம் படித்தவரல்லர். தந்தையாகிய ஆண் மருத்துவர் வருவதை மூவருமே ஏற்கவில்லை. விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தனர். அம்மூவரில் ஒரு குடும்பம் முஸ்லிம் குடும்பம்! பெண் மருத்துவர் கிடைக்காத நெருக்கடியில் ஆண் மருத்துவரை மார்க்கம் அனுமதிக்கிறது. இதை அறியாததால் ஓர் உயிர் போயிற்று. ஐடா அமெரிக்கா சென்று மருத்துவம் படித்துத் திரும்பினார். வேலூரில் 1909-ல் செவிலியர் பயிற்சிப் பள்ளியையும், 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் தொடங்கினார்.

நமக்கு இது புதிய பாடமா? அகழ் யுத்தத்தில் காயமுற்ற ஸஃது பின் முஆத் (ரலி) அவர்களை, பள்ளிவாசலில் இருந்த ருஃபைதா (ரலி) அவர்களின் சிகிச்சைக் கூடாரத்தில் வைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். அந்தப் பணியின் மதிப்பை இதிலிருந்தே விளங்கிக்கொள்ளலாம்.

இன்று பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் பகுதிகளில் பிரசவங்கள் மருத்துவமனையிலேயே நடக்கின்றன. 2008 முதல் 108 ஆம்புலன்ஸ் உண்டு. எனவே அந்தப் பெருங்காயம் அரிதாகிவிட்டது. ஆனால் தையல் ஆறாமை, இருமினால் சிறுநீர் கசிதல், கருப்பை இறக்கம் ஆகியவை இருக்கவே செய்கின்றன. “பிள்ளை பெற்றால் அப்படித்தான்” என்ற ஒரு சொல்லில் வீட்டார் வாயை அடைத்துவிடுகிறார்கள். ‘நான் சுத்தமில்லாதவள்’ என்றெண்ணித் தொழுகையையே விட்டுவிடும் பெண்களும் உண்டு.

தாய்மார்களே! நன்கு கேளுங்கள். நிஃபாஸ் முடிந்த பின் சிறுநீர்க் கசிவு தொழுகைக்குத் தடையன்று. தொடர் உதிரப்போக்கால் வருந்திய ஃபாத்திமா பின்த் அபீஹுபைஷ் (ரலி) அவர்களைத் தொழுகையை விடாதிருக்கும்படி நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். அதை வைத்தே இடைவிடாத கசிவு உள்ளவருக்கும் இமாம்கள் சட்டம் வகுத்தனர். சுத்தம் செய்து, துணி வைத்துக் கட்டி, நேரம் வந்தபின் உளூச் செய்து தொழ வேண்டும். ஹனஃபியில் ஒவ்வொரு வக்துக்கும், ஷாஃபிஈயில் ஒவ்வொரு ஃபர்ளுக்கும் புதிய உளூ வேண்டும். இடையில் கசிந்தாலும் தொழுகை நிறைவேறும்.

தொழுகைக்குச் சலுகை உண்டு. அதற்காக நோயை மறைத்து வாழ வேண்டியதில்லை. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தின் செவிலியச் சகோதரியிடம் சொல்லுங்கள். இடுப்புத் தசைப் பயிற்சியாலேயே பலருக்குக் குணம் தெரியும். தேவையானால் எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனை இருக்கிறது. கணவன்மார்களே! கேட்டறிந்து அழைத்துச் செல்வது உங்கள் கடமை. செவிலியர் படிப்பை விரும்பும் மகளைத் தடுக்காதீர்கள். நாளை ஒரு தாய் கூச்சமின்றித் தன் காயத்தைச் சொல்ல அவள் தேவைப்படுவாள்.

நம் தாய்மார்களின் காயங்களை அல்லாஹ் ஆற்றுவானாக! அவர்களுக்குப் பணிவிடை செய்யும் கரங்களுக்கு நற்கூலி வழங்குவானாக! ஆமீன்.