திட்டம் கடைசி வீடு வரை போகணும்! – மாவட்டச் செயல்வீரர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை



திட்டத்தை அறிவிக்கிறது ஒரு நாள் வேலை. கடைசி வீடு வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கிறது தினசரி வேலை. அதுக்குன்னு தனியா ஒரு குழு வேணும்.

1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் எதுக்கு வந்தது? மருந்து வாங்கி, தரம் பார்த்து, கிடங்குகள் வழியா அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்புறதையே முழு வேலையா செய்யத்தான். கேரளமும் ராஜஸ்தானும் இதே வழியில் தங்கள் கழகங்களை அமைத்தன.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலும், பெண் தன்னார்வலர், செவிலியர், இயன்முறை மருத்துவர்னு ஒரு குழுதான் தெருத் தெருவா நடக்குது.

ஆனா விடியற்காலையே சித்தாள் வேலைக்குக் கிளம்புற அம்மா, அவங்க வரும்போது வீட்டுல இருக்க மாட்டாங்க. வாடகை வீடு மாறினவங்க பேரு பட்டியல்ல விட்டுப்போகும். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை நின்னா பக்கவாதம், சிறுநீரகப் பாதிப்பு வரை போகும். சம்பாதிக்கிறவர் படுத்தா குடும்பமே உட்கார்ந்துடும்.

ஆகவே, வார்டுக்கு ஐந்து பேர் கொண்ட சுகாதாரக் குழு. அதில் இருவராவது பெண்கள். வேலை மூணுதான்:

விடுபட்டவங்களைத் தேடிக் கண்டுபிடிக்கணும்.
ஆரம்ப சுகாதார நிலையத்துல பதிவு செய்ய உதவணும்.
அடுத்த மாசம் மாத்திரை வந்துச்சான்னு போய்க் கேட்கணும்.

மருந்து கொடுக்கிறது சுகாதாரப் பணியாளர் வேலை, நாம தொடக்கூடாது. நோயாளி படத்தைப் போட்டுப் பதிவு போடக்கூடாது. எந்தக் கட்சின்னு கேட்கவே கூடாது.

மாசத்தின் முதல் ஞாயிறு கணக்குக் கேட்பேன். எத்தனை பேருக்கு மாத்திரை விடாம கிடைச்சுதுங்கிற ஒரே கணக்கு!