மாதவையாவின் கடைசி மகன்



பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் தமிழுக்குத் தொண்டாற்றிய ஒருவரைப் பற்றிப் பேசுமாறு பணித்துத் தலைப்பை என் விருப்பத்திற்கே விட்டார்கள். மா. கிருஷ்ணன் என்று எழுதிக் கொடுத்தேன். செயலாளர் ஐயா தாளைப் பார்த்துவிட்டு, "காட்டு மிருகங்களைப் படம் பிடித்தவர் அல்லவா அம்மா?" என்று கேட்டார். அவர் வினவியதில் பிழையில்லை. என் முனைவர் பட்ட ஆய்வு அ. மாதவையாவின் புதினங்களைப் பற்றியது. அந்த ஆய்வேட்டில் கிருஷ்ணனுக்கு நான் அளித்த இடம் ஓர் அடிக்குறிப்பு: "மாதவையாவின் மக்கள் எண்மருள் இளையவர், இயற்கை ஆர்வலர்." அவ்வளவுதான். அந்த அடிக்குறிப்பை இன்று திருத்த வந்திருக்கிறேன் என்று கொள்ளுங்கள்.

'பத்மாவதி சரித்திரம்' எழுதிய மாதவையா, உப்பு, சுங்க இலாகாவில் பணியாற்றி ஓய்வு பெற்று, மயிலாப்பூரில் அச்சகம் நிறுவிப் 'பஞ்சாமிர்தம்' இதழை நடத்தியவர். 1925 அக்டோபரில் சென்னைப் பல்கலைக்கழக ஆட்சிப் பேரவையில், இளங்கலை வகுப்பில் தாய்மொழியைக் கட்டாய பாடமாக்க வேண்டும் என்று பேசியவர், அவ்வவையிலேயே சாய்ந்து உயிர் நீத்தார். தமிழாசிரியர்களாகிய நாங்கள் நன்றியோடு நினைக்க வேண்டிய மரணம் அது. அன்று அவருடைய கடைசி மகனுக்கு வயது பதின்மூன்று. மூத்த தமக்கை லட்சுமி அவரை வளர்த்தார். தமையனாருள் ஒருவரான மா. அனந்தநாராயணன் பின்னாளில் சென்னை உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியானார். அத்தகைய குடும்பத்தில், கல்லூரித் தேர்வில் மூன்றாம் வகுப்பு வாங்கிய பிள்ளையின் நிலை எப்படியிருந்திருக்கும் என்பதை நீங்களே எண்ணிப் பார்க்கலாம்.

ஆனால் அந்தப் பிள்ளை படித்த பள்ளி வேறு. அன்றைய மயிலாப்பூரின் சுற்றுப்புறம் புதர்க்காடாக இருந்தது. நரி ஊளையிட்டது, கலைமான் மேய்ந்தது. சிறுவன் கீரிப்பிள்ளை வளர்த்தான். மாநிலக் கல்லூரியில், நீலகிரி, பழனி மலையுச்சிகளின் தாவரங்களைப் பற்றி நூல் எழுதிய பேராசிரியர் பைசன் அவருக்குத் தாவரவியல் கற்பித்தார். ஆசிரியரோடு மலைகளில் அலைந்தார். ஆசிரியரின் துணைவியாரிடம் நீர்வண்ண ஓவியம் பயின்றார். மதிப்பெண் பட்டியலில் இவற்றுக்கு இடமில்லை.

1942-இல் இந்துமதி அம்மையாரை மணந்தார். அதே ஆண்டில் பெல்லாரியை அடுத்த சண்டூர் சமஸ்தானத்தில் வேலை கிடைத்தது. பள்ளி ஆசிரியர், நீதிபதி, விளம்பர அதிகாரி, மன்னரின் அரசியல் செயலாளர் எனப் பல பொறுப்புகள். ஆடு மேய்த்துப் பார்த்தார், புறா வளர்த்தார், எஞ்சிய பொழுதெல்லாம் காட்டில் திரிந்தார். 1949-இல் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தில் இணைந்தபின் சென்னைக்குத் திரும்பினார். அதன்பின் மாதச் சம்பளத்திற்கு எவரிடமும் பணியாற்றவில்லை. குடும்பத் தலைவர் ஒருவர் எழுத்தையும் புகைப்படத்தையும் மட்டும் நம்பி வாழ்வது இன்றும் அரிது. அந்நாளில் அது எவ்வளவு பெரிய துணிவு! அத்துணிவில் பாதி இந்துமதி அம்மையாருடையது என்றே நான் கருதுகிறேன். வாழ்க்கை வரலாறுகள் அந்தப் பாதியை எழுதுவதில்லை.

1950-இல் கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் இருவாரத்திற்கு ஒருமுறை இயற்கையைப் பற்றி எழுதத் தொடங்கினார். நாற்பத்தாறு ஆண்டுகள் அந்தப் பத்தி நடந்தது. 1996 பிப்ரவரி 18 அன்று அவர் மறைந்தபோது, அந்த நாளிலும் அவருடைய கட்டுரை அச்சில் வந்திருந்தது. பல உறுப்புகளைத் தாமே ஒன்றுசேர்த்து அமைத்துக்கொண்ட கனத்த கேமராவுக்குச் 'சூப்பர் பாண்டரோசா' என்று வேடிக்கையாகப் பெயரிட்டு, அதைச் சுமந்துகொண்டு நடந்தும் யானை மீதிருந்தும் கறுப்பு வெள்ளைப் படங்கள் எடுத்தார். தீபகற்ப இந்தியாவின் பாலூட்டிகளைப் பற்றிய அவருடைய கள ஆய்வு 1975-இல் நூலாக வந்தது. இவையெல்லாம் ஆங்கிலம் அறிந்தோர் நன்கறிந்த செய்திகள்.

தமிழுக்காகப் பேசியபடியே உயிர் விட்டவரின் மகனுக்குச் சோறிட்டது ஆங்கிலம். இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. ஆயினும் அவர் தமிழை விடவில்லை என்பதை நாம் அறியாமல் போனது நம் குற்றம். தமிழ் இதழ்களில் பறவைகளையும் விலங்குகளையும் பற்றி எழுதினார். 'கதிரேசன் செட்டியாரின் காதல்' என்று ஒரு துப்பறியும் புதினமும் எழுதினார். அவர் மறைந்த பின்னரே தியடோர் பாஸ்கரன் அவருடைய கட்டுரைகளை 'மழைக்காலமும் குயிலோசையும்' என்றும், பெருமாள்முருகன் 'பறவைகளும் வேடந்தாங்கலும்' என்றும் தொகுத்தளித்தார்கள். அந்த நடையைப் படித்தவர்கள் அறிவார்கள்: சிறு வாக்கியம், வழக்கிலுள்ள சொல், கண்டதைக் கண்டபடி சொல்லும் நேர்மை, இடையே ஒரு குறும்பு. "இயற்கையன்னை", "வண்ணப் பறவையே" என்ற உருக்கமெல்லாம் அவரிடம் கிடையாது.

இந்தத் தொகுப்புகள் எனக்கு என்ன செய்தன என்பதைச் சொல்ல வேண்டும். சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. முல்லைத்திணை நடத்தும்போது இரலை வரும். கார்காலத்தில் மழை பெய்த நிலத்தில் இரலை பிணையோடு துள்ளும். தலைவன் தேரை விரைந்து செலுத்தச் சொல்வான். "இரலை என்பது ஒருவகை மான்" என்று சொல்லிக் கரும்பலகையில் மரக்கிளை போலக் கவைத்த கொம்புடைய மானை வரைவேன். பன்னிரண்டு ஆண்டுகள் அப்படித்தான் வரைந்தேன். ஒருமுறை ஒரு மாணவி எழுந்து, "அம்மா, பாட்டில் கொம்பு முறுக்கியிருக்கிறது என்று வருகிறதே, நீங்கள் வரைந்தது கிளைத்திருக்கிறதே?" என்றாள். தேர்வுக்கு அது வேண்டியதில்லை என்று கூறி உட்கார வைத்தேன். நான் சொன்ன சொற்களிலேயே மிகவும் வெட்கப்படத்தக்க சொல் அதுதான்.

கிருஷ்ணனைப் படித்த பிறகு, நூலைப் பார்ப்பதோடு நில்லாமல் விலங்கையே பார்த்துவிடுவது என்று முடிவு செய்து, ஒரு மார்கழியில் மாணவியரை வேதாரண்யத்தை அடுத்த கோடியக்கரைச் சரணாலயத்திற்கு அழைத்துச் சென்றேன். மழை ஓய்ந்து புல் பசுமையாக இருந்தது. வெட்டவெளியில் ஓர் ஆண் கலைமான் நின்றது. மேற்புறம் கருமை, அடிவயிறு வெண்மை. கொம்புகள் இரண்டும் முறுக்கிய கயிறு போல மேலெழுந்திருந்தன. கிளை ஒன்றுகூட இல்லை. கொம்பில்லாத பெண்மான்கள் சற்றுத் தள்ளி மேய்ந்தன. புள்ளிமானுக்கும் கடமானுக்கும் கொம்பு கிளைத்து வளரும், விழும், மீண்டும் முளைக்கும். கலைமானின் கொம்போ விழுவதில்லை. இரண்டும் வெவ்வேறு இனம். பாடிய புலவர் இதைக் கண்டிருந்தார். பட்டம் பெற்ற நான் காணவில்லை. எனக்குக் குறுக்கே கேள்வி கேட்ட பெண் அதற்குள் படிப்பு முடித்துப் போய்விட்டாள்.

இன்னொன்றும் அன்று நினைவுக்கு வந்தது. என் தாத்தா ஏரிப்பாசன விவசாயி. நீர்ப்பறவைகளின் பெயர்களையெல்லாம் அறிந்தவர். எழுத்தறியாதவர் என்பதால் அவரிடம் கேட்க எனக்குத் தோன்றியதே இல்லை. கிருஷ்ணனுக்குக் கல்லூரிக் கல்வியும் இருந்தது, கிராமத்தாரிடம் கேட்டறியும் அடக்கமும் இருந்தது. வேடந்தாங்கலைக் காத்தவர்கள் அவ்வூர் உழவர்களே. பறவை எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமென்று அறிந்து, 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே வேட்டைக்காரரிடமிருந்து பறவைகளுக்குப் பாதுகாப்புப் பெற்றவர்கள். பின்னாளில் அந்த ஏரியைப் பற்றித் தமிழில் விரித்து எழுதியவர் கிருஷ்ணன்.

அவரோடு எனக்கு ஒரு சிறு பிணக்கும் உண்டு. அயல்நாட்டு அழகு மரங்களை அவர் கண்டிப்பாக எதிர்த்தார். நம் மண்ணின் மரங்களையே நட வேண்டும் என்றார். கொள்கை சரிதான். ஆனால் மடகாஸ்கரிலிருந்து வந்த குல்மொகர் நிழலில் அமர்ந்துதான் நான் முதுகலைத் தேர்வுக்குப் படித்தேன். அந்த மரத்தை வெட்டச் சொல்ல எனக்கு வாய் வராது. அவர் என்னைக் கடிந்திருப்பார். விட்டுக்கொடுக்கும் இயல்பினர் அல்லர் என்றே அவரை அறிந்தோர் எழுதியிருக்கிறார்கள்.

அந்தக் கண்டிப்பு வீட்டில் எப்படி நெகிழ்ந்தது என்பதற்கு ஒரு சான்று உண்டு. தம் பேத்திக்காக ஆங்கில அகரவரிசையில் ஒவ்வொரு விலங்கிற்கும் ஒரு வேடிக்கைப் பாடல் எழுதி, படமும் தம் கையாலேயே வரைந்து தந்தார். அது பிற்காலத்தில் அச்சேறியது. பதின்மூன்று வயதில் தந்தையை இழந்தவர், ஒரு பாட்டனாராக அமர்ந்து ஒரு குழந்தைக்கு விலங்குகளை எழுத்தெழுத்தாக அறிமுகம் செய்கிறார். தமிழ் அகரவரிசையில் அப்படியொரு நூல் எழுதுவோர் இந்த அவையில் இருந்தால், இகரத்திற்கு இரலையை வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். படம் வரையும் பொறுப்பை மட்டும் என்னிடம் தந்துவிடாதீர்கள்.

கோடியக்கரைக்குச் சென்று வந்த பின் அந்த மாணவியின் முகவரியைத் தேடிப் பெற்றேன். முறுக்குக் கொம்பு தெளிவாகத் தெரியும் ஒரு நிழற்படத்தை அவளுக்கு அனுப்பி, பின்புறத்தில் "நீ கேட்டது சரி" என்று எழுதினேன். இரு வாரம் கழித்துப் பதில் வந்தது. அவள் ஓர் ஊராட்சிப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறாளாம். பிள்ளைகளை அழைத்துச் செல்ல எந்த மாதம் ஏற்றது என்று கேட்டிருந்தாள்.