இரவுண்ணா நோன்பும் மூத்தோர் மருந்தும்

(செஞ்சியில் மூத்தோர் நலம் குறித்து ஆற்றிய உரை)



அவையில் பேசக் கூசும் பொருளொன்றை எடுத்துக்கொண்டுள்ளேன். அறுபதைக் கடந்த ஆடவர் இரவில் மூன்று நான்கு முறை எழுவதும், சிறுநீர் தயங்கித் தயங்கி மெலிந்து வருவதும் நம் இல்லங்களில் புதிதல்ல. முதலில் அறிபவர் மனைவியர். மருத்துவரிடம் கடைசியாகச் சொல்பவர் நாம்.

புரோஸ்டேட் என்னும் கிரேக்கச் சொல்லுக்கு 'முன்னே நிற்பது' என்று பொருள். சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க்குழாயைச் சூழ்ந்துள்ள சுரப்பி அது. வயது ஏற ஏறப் பருக்கும். அறுபது வயதில் ஏறத்தாழப் பாதி ஆடவரிடம் இது காணப்படுகிறது. இப்பெருக்கம் புற்றுநோய் அன்று. ஆயினும் அதனை உறுதிசெய்ய வேண்டியவர் மருத்துவரே, நாமல்லர்.

வழி அடைபடுவதற்குப் பருமன் மட்டும் காரணமன்று. சுரப்பியிலும் சிறுநீர்ப்பையின் கழுத்திலும் உள்ள தசைகள் இறுகுவதும் காரணம். அவ்விறுக்கத்தைத் தளர்த்தும் மருந்து பயன் தருவதை 1976இல் எருசலேம் மருத்துவர் மார்கோ கெய்ன் குழுவினர் எடுத்துக்காட்டினர். இன்று வழங்கும் டாம்சுலோசின், அல்ஃபுசோசின், சைலோடோசின் ஆகிய ஆல்ஃபா தடுப்பான்கள் அவ்வழி வந்தவை. சில நாள்களிலேயே குணம் தெரியும். இவை சுரப்பியைச் சுருக்குவதில்லை. சுருக்குவதற்கு ஃபினாஸ்டிரைடு போன்ற வேறு மருந்துகள் உண்டு, அவற்றுக்குப் பல மாதங்கள் வேண்டும்.

இனி நமக்கே உரிய இடர்ப்பாடு. மருத்துவர் 'இரவு உணவுக்குப் பின்' என்று எழுதித் தருகிறார். நம் மூத்தோரோ பொழுது சாயுமுன் உண்டு முடிப்பவர். சிலர் மருந்தையே விட்டுவிடுகின்றனர். சிலர் விடியலில் வெறும் வயிற்றில் விழுங்குகின்றனர். இரண்டும் தவறு. டாம்சுலோசின் நாள்தோறும் ஒரே வேளை உணவுக்கு அரைமணி கழித்து உண்ணத்தக்கது. வெறும் வயிற்றில் உண்டால் குருதியில் அதன் உச்ச அளவு 40 முதல் 70 விழுக்காடு வரை மிகும்; எழுந்து நிற்கையில் இரத்த அழுத்தம் தாழ்ந்து தலை சுற்றும். இங்கு இன்றியமையாதது உணவே, இரவன்று. மாலை உணவைச் சற்று முன்னதாக முடித்து, கதிரவன் மறையுமுன் மருந்தை உண்ணலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். அட்டமி, சதுர்த்தசி உபவாசம் இருப்போரும், தொடர்ந்து பல நாள் நோன்பு நோற்போரும் முன்கூட்டியே கேட்க வேண்டும். பல நாள் விட்டுத் தொடங்கும்போது, முதல்முறை உண்பது போலவே மயக்கம் வரக்கூடும்.

மற்றொன்று, உறை. என் உறவினர் ஒருவர், மருந்தின் உறை விலங்கின் எலும்பும் தோலும் கொண்டு செய்யும் ஜெலட்டின் என்று கேள்வியுற்றார். எவரிடமும் சொல்லாமல் நிறுத்திவிட்டார். சில வாரங்களில் ஒரு நள்ளிரவு சிறுநீர் முற்றிலும் அடைபட்டு, வயிறு கல்லாய் இறுக, மருத்துவமனையில் குழாயிட்டுத்தான் வெளியேற்றினர். அவர் கொல்லாமையைக் குறை சொல்ல மாட்டேன். அது நம் உயிர்மூச்சு. வாய்திறவாமையே கேடு செய்தது. உறையைப் பிரித்துத் துகளை மட்டும் உண்பதும் ஆகாது. அத்துகள் மெல்லக் கரையுமாறு அமைக்கப்பட்டது. அல்ஃபுசோசின் மாத்திரையாகவே கிடைக்கிறது; தாவர உறையும் உலகில் உண்டு. "ஐயா, ஜெலட்டின் இல்லாதது எழுதித் தாருங்கள்" என்று கேட்பதில் நாணமில்லை.

அந்திக்குப்பின் நீரருந்தாமை இந்நோய்க்கு உதவியாகவே அமைகிறது. ஆனால் பகலிலும் நீரைக் குறைத்துக்கொள்வோரைக் காண்கிறேன். செஞ்சிப் பாறைகள் கொதிக்கும் சித்திரையில் அது தீங்கு. சளிக்கு மருந்துக்கடையில் தாமே வாங்கும் சில மாத்திரைகளும் சிறுநீரை அடைக்கும். சிறுநீரில் குருதி கண்டாலோ, காய்ச்சல் வந்தாலோ, அடைத்துக்கொண்டாலோ மறுநாள்வரை பொறுக்கலாகாது.

கண்புரை அறுவைக்குப் புதுச்சேரி செல்லும் மூத்தோர்க்கு ஒரு சொல். இம்மருந்து உண்போர்க்கு அறுவையின்போது கருவிழித்திரை தளர்ந்து துவளும் என்பதை 2005இல் கண்டறிந்தனர். முன்பு உண்டு நிறுத்தியவர்க்கும் இது நேரலாம். ஆதலால் கண் மருத்துவரிடம் மருந்துச் சீட்டைக் காட்டுங்கள். முன்னரே தெரிந்தால் அவர் அதற்கேற்ப ஆயத்தமாவார்.