கருத்து வேறு, நட்பு வேறு

மாற்றுக் கருத்து நட்பை முறிக்குமா என்பது இன்றைய கேள்வி. முறிக்க வேண்டியதில்லை என்பதற்கு 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் இயற்கை ஆய்வாளர்கள் இருவர் சாட்சி. ஒருவர் சார்ல்ஸ் டார்வின். மற்றவர் ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ்.

டார்வின் வசதியான வீட்டுப் பிள்ளை, கேம்பிரிட்ஜில் படித்தவர். வாலஸ் 14 வயதில் பள்ளியை விட்டவர். பூச்சிகளையும் பறவைகளையும் சேகரித்து, லண்டனுக்கு அனுப்பி, விற்ற பணத்தில் வாழ்ந்தவர். 1854 ஏப்ரலில் அவர் சிங்கப்பூரில் வந்து இறங்கினார். புக்கிட் தீமா காட்டில் ஏறக்குறைய இரண்டே மாதங்களில் சுமார் 700 வகை வண்டுகளைச் சேகரித்தார். பிறகு மலாக்கா, சரவாக், மலுக்குத் தீவுகள் என்று எட்டு ஆண்டுகள் இந்த வட்டாரத்தையே சுற்றினார்.

1858இன் தொடக்கத்தில் மலுக்குத் தீவுகளில் காய்ச்சலில் கிடந்தபோது அவருக்கு ஓர் எண்ணம் பளிச்சிட்டது. பிறக்கும் உயிர்கள் எல்லாமே பிழைப்பதில்லை. சூழலுக்கு ஏற்றவை பிழைக்கின்றன. இப்படியே தலைமுறை தலைமுறையாக உயிரினங்கள் மாறுகின்றன. இதைக் கட்டுரையாக எழுதி டார்வினுக்கு அனுப்பினார்.

அந்த ஆண்டு ஜூன் மாதம் கட்டுரையைப் படித்த டார்வின் அதிர்ந்து போனார். ஏறத்தாழ 20 ஆண்டுகளாக அவர் மனத்தில் வளர்த்து வந்த அதே கருத்து! 1844இலேயே அதை விரிவாக எழுதி வைத்திருந்தார், ஆனால் அச்சிடவில்லை.

எண்ணிப் பாருங்கள். வாலஸ் இருந்ததோ பல ஆயிரம் மைல்களுக்கு அப்பால். கடிதத்தைக் கிழித்துப் போட்டிருந்தால் யாருக்குத் தெரியும்? டார்வின் அப்படிச் செய்யவில்லை. நண்பர் சார்ல்ஸ் லயலுக்கு அதை அனுப்பி வைத்தார். லயலும் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கரும் ஒரு வழி கண்டார்கள். 1858 ஜூலை 1ஆம் தேதி, லண்டன் லின்னேயன் சங்கத்தில் இருவரின் எழுத்தும் ஒன்றாக வாசிக்கப்பட்டது.

இருவருமே அங்கு இல்லை. கைக்குழந்தையைப் பறிகொடுத்த துயரத்தில் டார்வின் இருந்தார். வாலஸ் நியூகினியில் இருந்தார். வாலஸின் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. டார்வினின் எழுத்தே முதலில் வாசிக்கப்பட்டது. இது முறைதானா என்று பின்னர் பலர் கேட்டார்கள். ஆனால் வாலஸ் மனம் கோணவில்லை. 1869இல் மலாய்த் தீவுக்கூட்டம் பற்றி எழுதிய நூலை டார்வினுக்கே காணிக்கையாக்கினார்.

அதே 1869இல்தான் பெரிய பிளவும் வந்தது. மனிதனின் மனமும் இயற்கைத் தேர்வால் உருவானதே என்றார் டார்வின். இல்லை, அதற்கு மேலான ஓர் அறிவாற்றல் வழிநடத்தியிருக்க வேண்டும் என்று வாலஸ் அச்சிலேயே எழுதினார். ஆண் மயிலின் தோகையழகு பெண் மயில் விரும்பித் தேர்ந்ததால் வளர்ந்தது என்ற டார்வினின் விளக்கத்தையும் அவர் ஏற்கவில்லை. இருவரும் பக்கம் பக்கமாகக் கடிதங்களில் வாதிட்டார்கள். ஆனால் ஒருவரையொருவர் இழித்துப் பேசவில்லை.

வாதத்தில் நாகரிகம் காப்பது ஒரு சோதனை என்றால், துன்பத்தில் கைகொடுப்பது அதைவிடப் பெரிய சோதனை. நிலையான வேலை கிடைக்காமல், போட்ட முதலையும் இழந்து வாலஸ் பணமுடையில் தவித்தார். அரசாங்க உதவித்தொகை பெற்றுத் தர டார்வின் முனைந்தார். ஆவிகளுடன் பேசலாம் என்று நம்புகிறவருக்கா என்று ஹூக்கர் முதலில் மறுத்தார். டார்வின் விடவில்லை. தாமஸ் ஹக்ஸ்லியைத் துணைக்கு அழைத்தார். ஹூக்கரும் மனம் மாறினார். 1881இல் பிரதமர் கிளாட்ஸ்டன் ஆண்டுக்கு 200 பவுன் வழங்க இசைந்தார்.

மறு ஆண்டு ஏப்ரலில் டார்வின் மறைந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அவருடைய பேழைக்குத் துணை நடந்தவர்களில் வாலஸும் ஒருவர்.

1889இல் வாலஸ் ஒரு நூல் எழுதினார். அதற்கு அவர் வைத்த பெயர் 'டார்வினியம்'. தாமும் கண்டறிந்த கொள்கைக்கு நண்பரின் பெயரையே சூட்டினார். அதே நூலில், மயில் தோகை பற்றியும் மனித மனம் பற்றியும் தமக்கிருந்த மறுப்பையும் விடாமல் எழுதினார். நட்புக்காகக் கருத்தை விழுங்கவில்லை. கருத்துக்காக நட்பையும் துறக்கவில்லை. வீட்டிலும் சங்கத்திலும் அடுத்த வாக்குவாதம் எழும்போது இந்த இருவரையும் நினைத்துப் பாருங்கள்.