எத்தனை இலை போடுவது?

(நம் சங்கத்தின் நாக்பூர் கிளை நடத்திய கல்வி உதவித்தொகை வழங்கும் விழாவில் நிகழ்த்திய உரை. வெளியூர் அங்கத்தினர்கள் சிலர் கேட்டுக்கொண்டதற்கு இணங்க இங்கே வெளியிடப்படுகிறது.)

 

மேற்படிப்பைப் பற்றிப் பேசும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். எல்லாப் படிப்புகளைப் பற்றியும் பேச எனக்குத் தகுதி கிடையாது. ஸ்டோர்ஸ், பர்ச்சேஸ், டெஸ்பாட்ச் என்றே என் முப்பத்து நான்கு வருஷ உத்தியோகம் போயிற்று. ஓய்வு பெற்ற பிறகு அதே விஷயத்தை ஒரு கல்லூரியில் வாரம் இரண்டு நாள் சொல்லிக்கொடுக்கிறேன். இப்போது அதற்கு சப்ளை செயின் மேனேஜ்மென்ட் என்று பெயர். எனக்குத் தெரிந்த அந்த ஒன்றைப் பற்றி மட்டும் பேச அனுமதி கொடுங்கள்.

பையனுக்கோ பெண்ணுக்கோ இந்தப் படிப்பில் இடம் கிடைத்திருக்கிறது என்று யாராவது போன் செய்தால், அடுத்த வாக்கியம் எனக்கு மனப்பாடம். “கம்ப்யூட்டர் சயன்ஸ் கெடைக்கலை மாமா, அதான் இது. படிச்சு முடிச்சா லாரி ஆபீஸ்லதான் உக்காரணுமா?” ஒரு மாமி இன்னும் ஒரு படி மேலே போய், “ஜாதகம் பாக்கறவா கேட்டா என்ன படிப்புன்னு சொல்றது?” என்று கவலைப்பட்டார். வீட்டில் இப்படிப் பேசிக்கொண்டே இருந்தால் குழந்தையும் அதை இரண்டாம்தரப் படிப்பு என்று நினைத்தே வகுப்பில் உட்காருகிறது. என் வகுப்பில் வருஷத்துக்கு நாலைந்து பேர் அப்படி வருகிறார்கள். கெட்டிக்காரக் குழந்தைகள்தான். ஆனால் முதல் செமஸ்டர் முழுக்க முகம் தொங்கியே இருக்கும்.

இந்தப் பெயர் வந்தது 1982-ல். கீத் ஆலிவர் என்ற ஆலோசகர் அதை முதலில் பத்திரிகைப் பேட்டியில் பயன்படுத்தினார் என்று சொல்வார்கள். பெயர் புதிது, கணக்கு பழசு. ஒரு தடவைக்கு எவ்வளவு ஆர்டர் போட்டால் செலவு குறையும் என்பதற்கு ஃபோர்டு ஹாரிஸ் என்ற அமெரிக்க இன்ஜினீயர் 1913-லேயே ஒரு சூத்திரம் எழுதிவிட்டார். அவர் காலேஜ் வாசலையே மிதித்தவர் அல்லர் என்பது வேடிக்கை. இன்றைக்கும் முதல் மாதமே அந்தச் சூத்திரத்தைத்தான் நடத்துகிறோம்.

சரி, உள்ளே என்னதான் படிக்கிறார்கள்? நம் வீட்டுக் கல்யாணத்தை வைத்தே சொல்கிறேன்.

முகூர்த்தச் சாப்பாட்டுக்கு சமையல் காண்ட்ராக்டர் கேட்கும் முதல் கேள்வி, “எத்தனை இலை?” பத்திரிகை கொடுத்தது ஐந்நூறு வீட்டுக்கு. வருகிறவர்கள் எத்தனை பேர் என்று யாருக்கும் தெரியாது. ஒரு இலை வீணானால் 300 ரூபாய் நஷ்டம் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் சாப்பிடாமல் திரும்பினால் போகிற மானத்துக்கு விலை கிடையாது. இருந்தாலும் கணக்குக்காக 900 ரூபாய் என்று போடுங்கள். 900-ஐ 900-மும் 300-ம் சேர்ந்த தொகையால் வகுத்தால் முக்கால். அதாவது, நூறு கல்யாணத்தில் எழுபத்தைந்தில் சாப்பாடு போதும், இருபத்தைந்தில் கொஞ்சம் தட்டும் என்கிற அளவுக்கு இலை சொல்ல வேண்டும். “நாலு கல்யாணத்துக்கு ஒண்ணுல கொறையறதா!” என்று நீங்கள் பதறுவது தெரிகிறது. அப்படியானால் மானத்தின் விலையை 2,700 ஆக்குங்கள். விடை 90 சதவீதமாக ஏறிவிடும்.

பாடப்புத்தகத்தில் இதை பத்திரிகை விற்கிறவன் கணக்கு என்பார்கள். காலையில் எத்தனை பேப்பர் வாங்கி வைப்பது என்ற கேள்வி. பேப்பர் இருக்கும் இடத்தில் தடுப்பூசியையோ, தீபாவளிப் புடவையையோ, விமான டிக்கெட்டையோ வைத்துப் பாருங்கள், அதே கணக்குதான். இதற்குப் புள்ளியியல் வேண்டும், பழைய கணக்குகளைப் படித்துப் பார்க்கிற பொறுமை வேண்டும். ஒரே முகூர்த்த நாளில் ஊரில் ஆறு கல்யாணம் இருந்தால் கூட்டம் பிரிந்துபோகும் என்று காண்ட்ராக்டருக்கு அனுபவத்தில் தெரியும். அதை எண்ணாக மாற்றத் தெரிய வேண்டும். பிளஸ் டூ கணக்கோடு கணக்கையே தலைமுழுக நினைக்கிற குழந்தைகளுக்கு இந்தப் படிப்பு சரிப்படாது. அதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

எனக்கு மிகவும் பிடித்த வகுப்பு இன்னொன்று. எம்.ஐ.டி.யில் 1960-களில் ஏற்பட்ட ஒரு விளையாட்டு. அதற்கு பீர் கேம் என்று பெயர். மாமிகள் பயப்பட வேண்டாம், மேஜை மேல் இருப்பது காகிதமும் காய்களும்தான். ஒருவர் சில்லறைக் கடை, அடுத்தவர் மொத்த வியாபாரி, மூன்றாமவர் விநியோகஸ்தர், நாலாமவர் தொழிற்சாலை. ஒருவரோடொருவர் பேசக் கூடாது. ஆர்டரைச் சீட்டில் எழுதி அடுத்தவருக்குத் தள்ள வேண்டும். சரக்கு வந்து சேர வாரக்கணக்கில் ஆகும். முதல் நாலு வாரம் வாடிக்கையாளர் வாரத்துக்கு 4 பெட்டி கேட்கிறார். ஐந்தாம் வாரத்திலிருந்து 8. அவ்வளவுதான், கடைசிவரை 8-தான்.

நடப்பதைப் பார்க்க வேண்டும். சரக்கு வரவில்லையே என்று கடைக்காரர் பயந்து 12 போடுகிறார். மொத்த வியாபாரி 20 போடுகிறார். தொழிற்சாலைக்கு வருவதற்குள் அது 40, 50 ஆகிவிடுகிறது. பிறகு எல்லாச் சரக்கும் ஒன்றாக வந்து குவிய, வாரக்கணக்கில் ஒருவரும் ஆர்டரே போடுவதில்லை. ஆட்டம் முடிந்ததும் வாடிக்கையாளர் என்ன கேட்டிருப்பார் என்று கேட்டால், ஏறி இறங்கி மலைமலையாகப் படம் வரைந்து காட்டுகிறார்கள். நான் நிஜத்தைக் காட்டுவேன். ஒரே ஒரு படி, அப்புறம் நேர்கோடு. வகுப்பே ஒரு நிமிஷம் அமைதியாகிவிடும். அதுவரை ஒவ்வொருவரும் அடுத்தவரைத்தான் திட்டிக்கொண்டிருந்திருப்பார்கள்.

குழந்தைகளுக்கான டயாபர் வியாபாரத்தில் புராக்டர் அண்ட் கேம்பிள் கம்பெனியார் இதையே கண்டு திகைத்தார்கள். குழந்தைகள் எண்ணிக்கை வாரத்துக்கு வாரம் ஏறி இறங்குமா என்ன? ஆனால் ஆர்டர் ஏறி இறங்கிற்று. 1997-ல் ஹாவ் லீ, பத்மநாபன், வாங் என்ற மூவர் இதன் காரணங்களை ஆராய்ந்து எழுதிய கட்டுரைகள் பிரசித்தம். இதற்கு சாட்டையை உவமையாகச் சொல்வார்கள். கைப்பிடியில் சின்ன அசைவு, நுனியில் பெரிய வீச்சு. 2020 மார்ச்சில் நாம் எல்லோரும் துவரம்பருப்பையும் சானிடைசரையும் வாங்கிக் குவித்தோமே, அப்போது நாமும் அந்தச் சாட்டையின் கைப்பிடியில்தான் இருந்தோம்.

இதெல்லாம் வகுப்பறைப் பாதி. கோடவுன் பாதி ஒன்று இருக்கிறது. நான் வேலை பார்த்த ஒரு தொழிற்சாலையில் (பெயர் வேண்டாம்) சில ரூபாய் பெறுமானமுள்ள ஒரு ரப்பர் வளையம் இல்லாமல் ஒரு ஷிப்டு முழுவதும் லைன் நின்றது. கம்ப்யூட்டரில் நாற்பது இருப்பு என்று காட்டிற்று. ராக்கில் ஒன்றுகூட இல்லை. இரவு ஷிப்டில் அவசரத்துக்கு எடுத்தவர்கள் எழுதி வைக்கவில்லை. திட்டம் போடுகிற இளைஞர் நல்ல கல்லூரியில் படித்தவர். மூன்று மாதமாக ஸ்டோர்ஸ் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. அங்கே வேலை செய்த பழைய அட்டெண்டருக்கு இந்த வழக்கம் நன்றாகத் தெரியும், அவரை யாரும் கேட்கவில்லை. ஆகவே ஒரு கல்லூரியைப் பார்க்கப் போனால் கட்டிடத்தைப் பார்க்காதீர்கள். மாணவர்கள் எத்தனை வாரம் தொழிற்சாலையிலோ துறைமுகத்திலோ நிற்கிறார்கள், திரும்பி வந்து யாரிடம் கணக்குச் சொல்கிறார்கள் என்று விசாரியுங்கள். கூடவே புள்ளியியலும் ஆபரேஷன்ஸ் ரிசர்ச்சும் கட்டாயப் பாடமா என்று கேளுங்கள். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும், பட்டத்தின் பெயர் எவ்வளவு நீளமாக இருந்தாலும் எனக்குத் திருப்தி இல்லை.

இங்கே நாக்பூரில் இருக்கிறவர்களுக்கு ஒரு விஷயம் சுலபமாகப் புரியும். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வருவதற்கு முன்னால் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு விற்றால் மத்திய விற்பனை வரி உண்டு. சொந்த டெப்போவுக்குச் சரக்கை அனுப்பினால் அந்த வரி கிடையாது. அதனால் கம்பெனிகள் மாநிலத்துக்கு ஒரு கோடவுன் வைத்தன, வரிக்காகவே. ஜி.எஸ்.டி. வந்ததும் அந்தக் காரணம் போயிற்று. பல கம்பெனிகள் கோடவுன்களைச் சேர்த்துப் பெரிதாக்கின. நாலு கோடவுனை ஒன்றாக்கினால், திடீர்த் தேவைக்கென்று ஒதுக்கி வைக்கும் சரக்கு ஏறக்குறைய பாதியாகக் குறையும். ஒரு ஊரில் விற்பனை கூடும்போது இன்னொரு ஊரில் குறைவதால் வருகிற லாபம் அது. நாட்டின் நடுவில் இருக்கிற நம் ஊருக்கு மவுசு வந்ததில் இந்தக் கணக்குக்கும் பங்கு உண்டு.

இது கம்பெனிக்கார்களின் லாபக் கணக்கு மட்டும்தானே என்று ஒரு தகப்பனார் கேட்டார். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-ல் ஏற்பட்டது. அரசு ஆஸ்பத்திரிகளுக்கான மருந்துகளை ஒரே இடத்திலிருந்து டெண்டர் விட்டு வாங்கி, தரம் பரிசோதித்து, மாவட்டக் கிடங்குகளில் வைத்து, ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் பாஸ்புக் கொடுத்து விநியோகிக்கிற ஏற்பாடு. கேரளமும் ராஜஸ்தானும் பிற்பாடு இதே மாதிரி கழகங்கள் அமைத்துக்கொண்டன. கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஜுர மாத்திரை இருப்பதற்குப் பின்னால் யாரோ ஒருவர் உட்கார்ந்து இலைக் கணக்குப் போட்டிருக்கிறார்.

எங்கே படிப்பது? என் சொந்த அபிப்பிராயம், முதல் பட்டத்திலேயே இதை எடுக்க வேண்டாம். இன்ஜினீயரிங், புள்ளியியல், பி.காம். எதையாவது ஒழுங்காகப் படித்துவிட்டு, முடிந்தால் இரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு, இதற்கு வரட்டும். குடும்ப நிலைமையால் சீக்கிரம் சம்பாதிக்க வேண்டியவர்களுக்கு, பயிற்சி வேலையோடு சேர்ந்த பி.பி.ஏ. லாஜிஸ்டிக்ஸ் படிப்புகள் இருக்கின்றன. அவர்களுக்கு அது நல்ல வழிதான். மும்பை பவாயில் 1963-ல் தொடங்கிய நிட்டி என்ற பழைய ஸ்தாபனம் இந்தத் துறைக்கே பேர்போனது, 2023-ல் ஐ.ஐ.எம். மும்பை ஆகிவிட்டது. உதய்ப்பூர் ஐ.ஐ.எம்.மில் இதற்கென்றே ஒரு வருஷப் படிப்பு உண்டு. வதோதராவில் ரயில்வே படிப்புக்காக ஏற்பட்ட ஸ்தாபனம் 2022-ல் கதிசக்தி விஸ்வவித்யாலயா என்ற மத்திய பல்கலைக்கழகமாயிற்று. கப்பல், துறைமுகம் என்று ஆசைப்படுகிறவர்களுக்கு சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம். பிடிக்கிறதா என்று தொட்டுப் பார்க்க நினைப்பவர்கள், எம்.ஐ.டி. இணையம் வழியாக நடத்தும் பாடங்களை வீட்டிலிருந்தே ஆரம்பித்துப் பார்க்கலாம்.

வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவது நீங்கள். அமெரிக்காவில் இந்தப் பட்டம் ஸ்டெம் பிரிவில் பதிவாகியிருக்கிறதா என்று எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள். ஒரே பெயருள்ள பட்டம் ஒரு பல்கலைக்கழகத்தில் அந்தப் பிரிவில் இருக்கும், பக்கத்து ஊரில் இருக்காது. 2016-ல் வந்த விதிப்படி, படிப்பு முடிந்தபின் கிடைக்கும் 12 மாத வேலை அனுமதியோடு ஸ்டெம் பட்டத்துக்குத்தான் இன்னும் 24 மாதம் சேர்த்துக் கொடுத்தார்கள். 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி மனுக்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்று அமெரிக்க ஜனாதிபதி ஆணையிட்டதையும் பேப்பரில் படித்திருப்பீர்கள். ஆணைகள் மாறிக்கொண்டே இருக்கும். இந்தியாவில் வேலை பார்த்தே அடைக்க முடிகிற அளவுக்குத்தான் கடன் இருக்க வேண்டும் என்பேன்.

பெண் குழந்தைகளைப் பற்றித் தனியாகக் கேட்கிறார்கள். என் வகுப்பில் கணக்கில் முதலாவதாக வருவது பெரும்பாலும் அவர்கள்தான். தேவைக் கணிப்பு, பர்ச்சேஸ், திட்டமிடல் எல்லாம் ஆபீஸ் வேலைகள். ஆனால் முதல் இரண்டு வருஷம் ஆலையிலோ கோடவுனிலோ இருந்தே ஆக வேண்டும். “அதெல்லாம் வேண்டாம், ஹெட் ஆபீஸ் மட்டும்” என்று கேட்டு வாங்கிக் கொடுத்தால், பத்து வருஷம் கழித்து அவளுக்கு மேலே போகிற வழி அடைபட்டுவிடும். ராத்திரி ஷிப்டுக்கு வண்டி உண்டா, தங்க வசதி உண்டா என்று கம்பெனியைக் கேளுங்கள், அது நியாயம். அவளைத் தடுக்காதீர்கள்.

நம் குழந்தைகளுக்கு இன்னொரு சௌகரியம் இருக்கிறது. வீட்டில் தமிழ், தெருவில் ஹிந்தி அல்லது மராத்தி, பள்ளியில் இங்கிலீஷ். லாரி டிரைவரிடமும், துறைமுக ஏஜெண்டிடமும், ஜெர்மன் வாடிக்கையாளரிடமும் ஒரே நாளில் பேச வேண்டிய உத்தியோகம் இது. வெளி மாநிலத்தில் வளர்ந்ததால் தானாக வந்த சொத்து, இங்கே நன்றாகவே செலவாகும்.

நேரமாகிவிட்டது, செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். வருகிற மாதம் இரண்டாம் சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு இதே ஹாலில் அந்த விளையாட்டை ஆடிப் பார்க்கலாம் என்று ஏற்பாடு. பெற்றோர்களும் ஒரு மேஜையில் உட்காரலாம். காபி, டிபன் உண்டு. எத்தனை பேர் வருகிறீர்கள் என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.