கடன் கேட்பவனிடம் கணக்கைக் கேளுங்கள்!

(திருமங்கலத்தில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



நாம் கூடினால் வழக்கமாகக் கூலியைப் பற்றிப் பேசுவோம். போனஸைப் பற்றிப் பேசுவோம். இன்று நான் பேச வந்திருப்பது, வாங்கிய கூலி உங்கள் கையிலிருந்து எப்படிப் பறிபோகிறது என்பதைப் பற்றி. அரிவாளைக் காட்டிப் பறிக்கவில்லை. பூட்டை உடைத்துப் பறிக்கவில்லை. போனில் கூப்பிட்டு, மிரட்டிப் பறிக்கிறார்கள்!

நைட் ஷிப்டு முடிந்து வந்த ஒரு பஞ்சாலைத் தொழிலாளி சற்றுக் கண் அயர்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். போன் அடிக்கிறது. "நீ வாங்கின கடனிலே பதினெட்டாயிரம் பாக்கி. கேஸ் போட்டாச்சு. வாரண்டு என் கையிலே இருக்கு. ஒரு மணி நேரத்திலே எட்டாயிரம் கட்டு, நிறுத்தி வைக்கிறேன். இல்லாவிட்டால் மில் வாசலிலேயே விலங்கு மாட்டுவோம்" என்கிறது ஒரு குரல். அவர் பெயரைச் சொல்கிறான். ஊரைச் சொல்கிறான். மனைவியின் பெயரையும் சொல்கிறான்.

அந்தத் தொழிலாளி அப்படி ஒரு கடனே வாங்கவில்லை. ஆனாலும் கட்டிவிடுகிறார்! மனைவியிடம் சொல்லவில்லை. பக்கத்து வீட்டில் சொல்லவில்லை. சங்கத்திலும் சொல்லவில்லை. பொங்கலுக்கென்று வைத்திருந்த பணம் போயிற்று. மூன்றாம் நாள் அதே குரல் மறுபடியும் கூப்பிடுகிறது. ஒருமுறை கொடுத்தவன் மறுமுறையும் கொடுப்பான் என்பது அவன் கணக்கு.

வாங்காத கடனை அவர் ஏன் கட்டினார்? இதுதான் இன்று நாம் யோசிக்க வேண்டிய கேள்வி.

இருட்டில் எறியும் கல்

தோழர்களே, நம்மில் கடன் இல்லாதவர் யார்? குழுக் கடன் இருக்கிறது. நகைக் கடன் இருக்கிறது. வண்டிக்குப் பைனான்ஸ் இருக்கிறது. மைத்துனனுக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்து இருக்கிறது. ஆகவே எவனோ ஒருவன் "உன் கடன் பாக்கி" என்றதும், "நான் வாங்கவில்லை" என்று நிமிர்ந்து சொல்ல வாய் வருவதில்லை. "எந்தக் கடனாக இருக்கும்?" என்று மனம் உள்ளே தேட ஆரம்பிக்கிறது. அந்த ஒரு நிமிஷத் தடுமாற்றம்தான் மோசடிக்காரனின் மூலதனம். அவன் இருட்டில் கல் எறிகிறான். நம் தெருவில் அது எங்கே விழுந்தாலும் ஒரு கடன்காரர் தலையில்தான் விழும்!

"பெயர், ஊர் எல்லாம் சரியாகச் சொன்னானே" என்பீர்கள். அதில் அதிசயம் ஒன்றுமில்லை. பெயரும் போன் நம்பரும் இன்று சந்தையில் விற்கும் சரக்கு. உங்கள் உறவினர் ஒருவர் தம் போனில் 'லோன் ஆப்' ஒன்றை இறக்கியிருப்பார். அவர் போனில் இருந்த நம்பர்களையெல்லாம் அது உறிஞ்சியிருக்கும். அதில் உங்கள் நம்பரும் ஒன்று. பெயர் தெரிந்திருப்பது கடனுக்கு அத்தாட்சி ஆகாது.

நம்மைக் குனிய வைக்கும் மற்றொன்று வெட்கம். ஊருக்குத் தெரிந்துவிடுமே, மேஸ்திரிக்குத் தெரிந்துவிடுமே என்ற கூச்சம். நம் வாயை நாமே பூட்டிச் சாவியை அவனிடம் கொடுத்துவிடுகிறோம்.

பெயர் ஆப், வைப்பது ஆப்பு!

அந்தக் காலத்து லேவாதேவிக்காரன் வெற்றுப் புரோநோட்டில் கைநாட்டு வாங்கினான். இன்றைய லோன் ஆப்காரன் கைநாட்டுக் கேட்பதில்லை. உங்கள் போனில் இருக்கும் நம்பர்களையும் போட்டோக்களையும் கேட்கிறான். ஆஸ்பத்திரிச் செலவு, பள்ளிக்கூடப் பீஸ் என்று அவசரம் வரும்போது "சம்மதம்" என்று அமுக்கிவிடுகிறோம்.

ஐயாயிரம் கடன் என்பான். 'சார்ஜ்' என்று பிடித்துக்கொண்டு மூவாயிரம் அனுப்புவான். ஏழாம் நாள் ஐயாயிரம் கேட்பான். கணக்குப் போடுங்கள்: மூவாயிரத்துக்கு ஏழு நாளில் இரண்டாயிரம் வட்டி. நூற்றுக்கு அறுபத்தாறு ரூபாய்க்கு மேல்! நூற்றுக்கு மாதம் பத்து ரூபாய் வாங்கும் கந்துவட்டிக்காரனே இவனிடம் பாடம் படிக்க வேண்டும். அதைக் கட்டி முடித்தாலும் விடமாட்டான். "இன்னும் பாக்கி" என்பான். உங்கள் போட்டோவை ஆபாசமாக ஒட்டி வெட்டி உறவினருக்கெல்லாம் அனுப்புவேன் என்பான்.

ரிசர்வ் பாங்கு அமைத்த குழு 2021 நவம்பரில் ஓர் அறிக்கை வெளியிட்டது. அந்த ஆண்டின் முதல் இரண்டு மாதங்களில் நம் நாட்டில் போனில் இறக்கக் கிடைத்த ஏறத்தாழ 1,100 கடன் ஆப்களில் சுமார் 600 சட்டவிரோதமானவை என்று அது கூறிற்று. பாதிக்கு மேல் கள்ளச் சரக்கு! அதே 2021 ஜனவரியில், பெங்களூரில் இருந்துகொண்டு லோன் ஆப் மூலம் மிரட்டிப் பணம் பறித்த கும்பல் ஒன்றைச் சென்னைப் போலீசார் பிடித்தார்கள். வெளிநாட்டார் இருவரும் நம் நாட்டார் இருவரும் அப்போது கைதானார்கள்.

அமெரிக்கத் தொழிலாளிக்கும் இதே கதி

படிக்காதவர்கள்தான் ஏமாறுவார்கள் என்று எவராவது சொன்னால் நம்பாதீர்கள். 2012 பிப்ரவரியில் அமெரிக்க சர்க்காரின் வாணிபக் கமிஷன் கோர்ட்டுக்குப் போய் இப்படிப்பட்ட ஒரு கும்பலை நிறுத்தியது. சம்பளம் வரும்வரை தாக்குப்பிடிக்கச் சிறுகடன் தேடிய ஏழைகளின் விவரம் அந்தக் கும்பல் கையில் சிக்கியிருந்தது. இந்தியாவில் உட்கார்ந்துகொண்டு, குறைந்தது 6 லட்சம் நம்பர்களுக்கு 27 லட்சம் தடவை கூப்பிட்டிருக்கிறார்கள். "நாங்கள் போலீஸ், நீ கடன் பாக்கி, கைது செய்வோம்" என்று மிரட்டி 50 லட்சம் டாலருக்கு மேல் பறித்துவிட்டார்கள். பார்த்தீர்களா? இருட்டில் எறிந்த கல் அங்கேயும் கடன்காரன் தலையில்தான் விழுந்தது.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும. தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போன நம் தமிழ் இளைஞர்களை மியான்மரில் மியாவாடி என்னும் இடத்துக்குக் கடத்தி, அடித்து உதைத்து, இணைய மோசடி வேலை செய்ய வைத்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் 2022 அக்டோபரில் மீட்கப்பட்டுச் சென்னை வந்து சேர்ந்தார்கள். ஆக, போனில் பேசும் குரலுக்குப் பின்னால் சில சமயம் வேலையில்லாத ஓர் ஏழைப் பிள்ளையே அடிமையாகச் சிக்கியிருக்கலாம். கொள்ளையின் லாபம் அவனுக்கல்ல, அவன் எஜமானனுக்கு.

கள்ளனை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதல் அடையாளம், அவசரம். "ஒரு மணி நேரத்துக்குள் கட்டு" என்பான். யோசிக்க நேரம் கிடைத்தால் நீங்கள் தப்பிவிடுவீர்கள் என்று அவனுக்குத் தெரியும்.

இரண்டாவது, ரகசியம். "போனை வைக்காதே, யாரிடமும் சொல்லாதே" என்பான். வீடியோவில் போலீஸ் உடுப்போடு வந்து "டிஜிட்டல் அரெஸ்ட்" என்றும் சொல்லுவான். அப்படி ஒரு கைது நம் நாட்டுச் சட்டத்தில் கிடையாது! கடன் பாக்கிக்காகப் போலீசார் போனில் கூப்பிட்டுப் பணம் வசூலிப்பதும் கிடையாது. செக் திரும்பினால் வழக்கு வரும், உண்மைதான். அதுவும் கோர்ட்டு சம்மனாக வரும். 'ஜீ-பே' நம்பராக வராது.

மூன்றாவது, காகிதம் இல்லாமை. எந்தக் கம்பெனி கொடுத்தது, எந்தத் தேதியில், எந்தக் கணக்கில் என்று கேட்டால் கெட்ட வார்த்தையில் திட்டுவான்.

நான்காவது, தனி ஆள் பெயருக்குப் பணம் கேட்பது. ஆப் மூலம் வாங்கிய கடன் என்றால், கட்டும் பணம் கடன் கொடுத்த நிறுவனத்தின் கணக்குக்கே நேராகப் போகவேண்டும் என்பது ரிசர்வ் பாங்கு 2022 செப்டம்பரில் போட்ட விதி. ஆப்காரன் உங்கள் போனில் உள்ள நம்பர்களையும் போட்டோக்களையும் தொடக்கூடாது என்பதும் அதே விதி. வசூலுக்கு ஆள் அனுப்பினால், அந்த ஆளின் விவரத்தை முன்கூட்டியே உங்களுக்குத் தெரிவிக்கவேண்டும்.

ஐந்தாவது, ஓ.டி.பி. கேட்பது, ரகசிய நம்பர் கேட்பது, போனில் ஏதோ ஒன்றை இறக்கச் சொல்வது. எந்தப் பாங்கும் இவற்றைக் கேட்காது.

உண்மையான கடனாகவே இருந்தாலும் மிரட்டுவதற்கு எவனுக்கும் உரிமை இல்லை. காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் வசூலுக்காகக் கூப்பிடக்கூடாது என்று 2022 ஆகஸ்ட் 12-ல் ரிசர்வ் பாங்கு உத்தரவிட்டது. குழுக் கடன் போன்ற சிறுகடன்களுக்குக் காலை 9 முதல் மாலை 6 வரைதான். உறவினரைக் கூப்பிட்டு அவமானப்படுத்துவதும் குற்றமே. நம் சட்டசபையும் கட்டாய வசூலைத் தடுக்க 2025 ஏப்ரலில் ஒரு மசோதாவை நிறைவேற்றியது. கந்துவட்டிக்கு எதிரான சட்டம் 2003 முதலே இருக்கிறது.

என்ன செய்ய வேண்டும்?

போன் வந்தால் பதறாதீர்கள். நான்கு கேள்வி கேளுங்கள்: யார் கொடுத்த கடன்? எந்தத் தேதி? எவ்வளவு? எழுத்தில் அனுப்புவாயா? கேட்டுவிட்டுப் போனை வையுங்கள். பனங்காட்டு நரி சலசலப்புக்கு அஞ்சலாமா? சந்தேகம் இருந்தால் பாஸ் புத்தகத்திலோ கடன் அட்டையிலோ அச்சிட்டிருக்கும் நம்பரில் கூப்பிடுங்கள். இல்லை, கிளைக்கு நேரில் போங்கள். அவன் கொடுக்கும் நம்பரில் கூப்பிட்டால் அவன் கூட்டாளிதான் எடுப்பான்!

பணம் போய்விட்டதா? அழுதுகொண்டு உட்காராதீர்கள். அந்த நிமிஷமே 1930-க்குப் போன் செய்யுங்கள். எந்தப் பாங்கு, எத்தனை மணிக்கு, எவ்வளவு, பரிவர்த்தனை நம்பர் என்ன என்று சொல்லுங்கள். திருடிய பணத்தைக் கும்பல் ஒரு கணக்கிலிருந்து மறு கணக்குக்குத் தள்ளிக்கொண்டே போகும். அது கைமாறி முடிவதற்குள் சொன்னால் முடக்கி வைக்க வழியுண்டு. நாளைக்குப் பார்க்கலாம் என்றால் பணம் கடல் தாண்டிவிடும்.

பிறகு எழுத்தில் புகார் கொடுங்கள். மாவட்டத்துக்கு ஒரு சைபர் கிரைம் போலீஸ் ஸ்டேஷன் இருக்கிறது. மதுரை வரை போக முடியாவிட்டால் பக்கத்து ஸ்டேஷனிலேயே கொடுக்கலாம். 2024 ஜூலை முதல் அமலில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-வது பிரிவுப்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் புகாரை வாங்கவேண்டும். "எங்கள் எல்லை இல்லை" என்று திருப்பி அனுப்ப இடமில்லை. சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள். வந்த நம்பர், மெசேஜ், மிரட்டல் குரல் எதையும் அழிக்காதீர்கள். அதுதான் சாட்சி.

பணம் போகவில்லை, மிரட்டல் மட்டும் வந்தது என்றாலும் சும்மா இருக்காதீர்கள். மத்திய சர்க்காரின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் 'சக்ஷு' என்ற பகுதியில் அந்த நம்பரைப் பதிவு செய்யலாம். உங்களிடம் தோற்றவன் அடுத்து கள்ளிக்குடியிலோ பேரையூரிலோ ஒரு விதவைத் தாயைக் கூப்பிடுவான். அவரைக் காப்பாற்றுவது உங்கள் புகார்.

உண்மையான பாங்கின் ஆளே அத்துமீறினால் முதலில் அந்தப் பாங்குக்கு எழுதுங்கள். முப்பது நாளில் நியாயம் கிடைக்காவிட்டால் ரிசர்வ் பாங்கின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க 14448. வக்கீலுக்குப் பணம் இல்லையா? 15100-ஐக் கூப்பிடுங்கள். 1987-ம் ஆண்டு சட்ட உதவிச் சட்டத்தின் 12-வது பிரிவு இலவச உதவிக்கு உரியவர்களை வரிசையாகச் சொல்கிறது. பெண்கள் அதில் உண்டு. தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்கள் உண்டு. ஆலைத் தொழிலாளியும் உண்டு! இது தர்மம் அல்ல தோழர்களே, உரிமை.

தனியாக இருக்காதீர்கள்

கடைசியாக, மிக முக்கியமான ஒன்று. கடன் மிரட்டலுக்கு அஞ்சி உயிரை விட்டவர்கள் நம் நாட்டில் பலர். 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலக வாசலில், கந்துவட்டிக் கொடுமை தாங்காமல் ஒரு கூலிக் குடும்பம் பச்சைக் குழந்தைகளோடு மாண்டதை நாம் மறக்க முடியுமா? அவர்கள் மனுக் கொடுத்தும் கேட்பாரில்லை என்பதுதான் அந்தச் சாவின் கொடுமை. இன்று மனம் உடைந்தவர் யாரானாலும் 104-க்கோ 14416-க்கோ பேசலாம். அதற்கு முன்னால் பக்கத்தில் இருப்பவரிடம் பேசுங்கள். பக்கத்தில் இருப்பவர்களே, "ஏமாந்தாயா?" என்று சிரிக்காதீர்கள். "நம்பரைக் காட்டு, நானும் வருகிறேன், ஸ்டேஷனுக்குப் போவோம்" என்று சொல்லுங்கள்.

கடன் பட்டது குற்றமல்ல. கூலி போதாததால் கடன் பட்டோம். வெட்கப்பட வேண்டியவன் பறிப்பவன், பறிகொடுத்தவன் அல்ல. அவசரத்துக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் கைக்கு எட்டும் வட்டியில் கடன் கிடைத்தால் நம் பிள்ளைகள் ஏன் இந்த ஆப்களைத் தேடிப் போகிறார்கள்? கூலி தேதி தவறாமல் வந்தால் ஏன் போகிறார்கள்? இந்தக் கேள்விகளைக் கேட்பதையும் நாம் விடக்கூடாது.

கப்பலூர் தொழிற்பேட்டை வாசலில், பருத்திக் காட்டில், ரேஷன் கடை வரிசையில் இந்தச் சேதியைச் சொல்லுங்கள். 1930 என்ற நம்பரை வீட்டுச் சுவரில் கரிக்கட்டையால் எழுதி வையுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத தாய்மாருக்கு வாயால் பாடமாக்குங்கள்.

முதலாளியிடம் கூலிக் கணக்கைக் கேட்டு வாங்கிய நாம், முகம் தெரியாத ஒருவனின் குரலுக்கா கணக்குக் கேட்காமல் காசை எண்ணி வைப்போம்? கூடாது தோழர்களே! கணக்கைக் கேளுங்கள். காகிதத்தைக் கேளுங்கள். வாய் திறந்து நாலு பேரிடம் சொல்லுங்கள். நாம் மௌனம் கலைத்த அன்றே அவன் கடை மூடிவிடும்!