இதற்காகவா படித்தாய்?



ஞாயிறு திருப்பலி முடிந்ததும் கோவில் வாசலில் நம் பங்கு இளைஞர்களை நலம் விசாரிக்கிறோம். இயந்திரப் பொறியியல் படித்த தம்பி, பைக்கில் வீடு வீடாக உணவு கொடுக்கும் வேலை பார்ப்பதாகச் சொன்னால் நம் முகம் மாறிவிடுகிறது. "இதற்காகவா நான்கு வருடம் படித்தாய்?" என்கிறோம். கல்விக் கடனுக்கு மாதாமாதம் அவன் கட்டும் தவணையை நாம் நினைப்பதில்லை. அடுத்த ஞாயிறு அவன் பிந்தி வந்து, கடைசி ஆசீருக்கு முன்பே போய்விடுகிறான்.

புனித பவுல் எருசலேமில் கமாலியேலிடம் திருச்சட்டம் பயின்றவர். அவரே கொரிந்து நகரில் அக்கிலா, பிரிஸ்கில்லா தம்பதியரோடு தங்கிக் கூடாரம் செய்து பிழைத்தார் (திப 18:3). கற்ற கல்வி வீணாகவில்லை. ஓய்வுநாள்தோறும் தொழுகைக்கூடத்தில் அதைக்கொண்டே விவாதித்தார். பிற்பாடு எபேசு மூப்பர்களிடம், தம் கைகளால் உழைத்துப் பிழைத்ததை வெட்கமின்றி எடுத்துச் சொன்னார் (திப 20:34). அந்தத் தம்பதியர் அவருக்குத் தந்தது அறிவுரை அல்ல, வீட்டில் ஓர் இடம்.

படித்த படிப்புக்கேற்ற வேலையை நம் பிள்ளைகள் தேடட்டும். தெரிந்த இடங்களில் நாமும் சொல்லி வைப்போம். அதுவரை அவர்கள் செய்யும் வேலையைக் குறைத்துப் பேசாதிருப்போம். இந்த ஞாயிறு அந்தத் தம்பியிடம், "சாப்பிட்டாயா? வெயிலில் ரொம்ப அலைச்சலோ?" என்று கேட்போம்.

தச்சரான சூசையப்பரின் பட்டறையில் வளர்ந்த ஆண்டவரே, உழைக்கும் எம் பிள்ளைகளை மதிக்க எங்களுக்குக் கற்றுத்தாரும். ஆமென்.